குருவிப்பாறைச் சுனை

உக்காரும்மா, இங்க உக்காரு. பின்னாடி சீட்டுல போனா வண்டி தூக்கித் தூக்கிப் போடும். ஜன்னல் ஓரம் வேணும்னா நீ போ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்தப் பைய மட்டும் காலடியில வெச்சுக்கறேன். சாஞ்சா புளிசாதம் எண்ணெய் விட்டுரும்.

மொதத் தடவையா வர்றியா? அதான் பாத்தேன், புது முகமா இருக்கேன்னு. வேலைக்குப் போறியா? தனியாவா தங்கியிருக்க? கல்யாணம்... சரி, கேக்கல. இப்பப் பிள்ளைங்ககிட்ட அதக் கேட்டா மொகம் மாறிடுது.

எனக்குச் சக்கரை. டாக்டரு நடக்கச் சொன்னாரு, அதுக்காகத்தான் வர்றேன். வேற ஒண்ணுமில்ல. மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை நடந்தா சக்கரை கொறஞ்சிருமான்னு எங்க வீட்டுக்காரர் கேப்பாரு. கொறையுதோ கொறையலையோ, அது என் சக்கரை.

முன்னாடி டிரைவர் பக்கத்துல, கழுத்துல துண்டு போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் சவரிராஜ் சார். திருச்சியில இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. லீவு நாள்ல வீட்டுல படுத்துக் கெடக்காம நம்மள மாதிரி ஆளுங்களக் கூட்டிக்கிட்டு இப்படிக் காடு மேடெல்லாம் நடக்க வைக்கிறாரு. பாறை, குகை, கல்வெட்டு, பறவை, எல்லாம் காட்டுவாரு. ஒரு கல்லக் காட்டிப் பேச ஆரம்பிச்சாருன்னா காலு வலிக்கறதே தெரியாது. முன்னெல்லாம் இன்னும் நல்லாப் பேசுவாராம். இப்பக் கொறைஞ்சு போச்சுன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. பேசிக்கிட்டே இருப்பாரு, கண்ணு என் பக்கம் வரும், அப்படியே பேச்சு நின்னுரும். அப்புறம் எங்க விட்டோம்னு பக்கத்துல இருக்கறவங்களக் கேப்பாரு.

அவர் கூட்டிட்டுப் போனப்பத்தான் எங்க வினோ போயிட்டா.

நீ ஒண்ணும் சங்கடப்படாதம்மா. இந்த வண்டியில எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தான். நீ புதுசுங்கறதால சொல்றேன். போய்ச் சேர இன்னும் நேரமிருக்கு.

வினோதினி. ஒரே பொண்ணு. படிச்சு முடிச்சு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துல வேலை பாத்தா. நல்ல சம்பளம், நல்ல பேரு. மாப்பிள்ளையும் நல்ல இடத்துலதான் பாத்தோம். கரூர்ல சொந்தமா துணி வியாபாரம், ஒரே பையன், குடி கிடி எதுவும் இல்ல. அன்னைக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பொண்ணு பாக்க வர்றதா இருந்தாங்க. இவ காலையில நடைக்குப் போறேன்னு கெளம்பி நிக்கிறா. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், வெயில்ல முகம் கறுத்துரும்னு. அவங்கப்பாதான் போயிட்டு வரட்டும், மத்தியானம் வந்துருவா இல்லன்னு சொன்னாரு. அந்த ஒரு மாசமா அவ எங்கிட்டப் பேசறதில்ல. சண்டைன்னு நெனச்சுக்காத. சண்டை எல்லாம் இல்ல. பேசல, அவ்வளவுதான்.

அந்த வேலை எடத்துல ஒரு பையன் இருந்தான். இருந்தான்னா என்ன, பேசியிருக்காங்க, பஸ் ஸ்டாப்புல நின்னுருக்காங்க. அதெல்லாம் நான் பக்குவமாச் சொல்லி முடிச்சு வெச்சுட்டேன். அவங்கப்பா தலை மேல கைய வெச்சு, இனிமே அவனப் பாக்கமாட்டேன்னு சொல்லுடீன்னேன். சொன்னா. இந்தக் கரூர் மாப்பிள்ளை போட்டோவக் காட்டிச் சம்மதமான்னு கேட்டேன். தலைய ஆட்டினா. தலைய ஆட்டினா சம்மதம்தானே? கட்டிப் போட்டா கேட்டேன்? ஒரு குரல் ஒசத்திப் பேசல நான். எங்கம்மாவா இருந்தா சூடு போட்டிருக்கும்.

குருவிப்பாறைன்னு ஒரு எடம். புதுக்கோட்டைப் பக்கம், தைலமரக் காட்டுக்குள்ள மொட்டையா ஒரு பெரிய பாறை. மேல ஏறினா பாதியில ஒரு சுனை. எந்தக் கோடையிலயும் வத்தாது, ஆழம் யாருக்கும் தெரியாதுன்னு சொல்லுவாங்க. அங்கதான் போயிருக்காங்க. சவரி சார் எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு கல்வெட்டக் காட்டிப் பேசிக்கிட்டிருந்திருக்காரு. அந்த நேரத்துல வினோ சுனைப் பக்கம் போயிருக்கா. அவ்வளவுதான். தீயணைப்பு வண்டி வந்துதான் எடுத்தாங்க.

மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாசல்ல வந்து எறங்கறதுக்கும் சவரி சார் வந்து சொல்றதுக்கும் சரியா இருந்துச்சு. அவங்க கையில பூவும் பழமும். இவரு உடம்பெல்லாம் நனைஞ்ச துணியோட நிக்கிறாரு. கால் வழுக்கிருச்சு, நான் கவனிக்கல, என் தப்புதான்னு சொன்னாரு. போலீஸ்லயும் அதையேதான் எழுதிக் கொடுத்தாரு. எங்க வீட்டுக்காரர் அவரப் போட்டு அடிச்சாரு. சட்டையெல்லாம் கிழிஞ்சுபோச்சு. சவரி சார் கைய ஒசத்தித் தடுக்கக்கூட இல்ல. தப்பு செஞ்சவன் எப்படித் தடுப்பான்?

அப்புறம் நடையெல்லாம் நிறுத்திட்டாரு. ஒரு வருஷம் போல. ஜனங்கதான் திரும்பத் திரும்பக் கேட்டு ஆரம்பிக்க வெச்சாங்க. ஆரம்பிச்சதும் நான் வந்து சேந்துட்டேன். சக்கரையும் அந்த நேரத்துலதான் கண்டுபிடிச்சாங்க.

மொத நாள் நான் இந்த வண்டியில ஏறினப்ப அவரு எல்லாருக்கும் தண்ணி பாட்டில் கொடுத்துக்கிட்டிருந்தாரு. என்னப் பாத்ததும் கையில இருந்தது கீழ விழுந்து உருண்டு வாசப்படி வழியா ரோட்டுல போச்சு. வணக்கம் சார், நானும் வரலாமான்னு கேட்டேன். வாங்கம்மான்னாரு. அன்னையிலேருந்து ஒரு மாசம் விட்டதில்ல. இந்த ரெண்டாவது சீட்டுதான். இங்க உக்காந்தா முன்னாடி இருக்கற கண்ணாடியில அவரு மொகம் தெரியும். அவருக்கும் என் மொகம் தெரியும்.

கோவமான்னு கேக்கறாங்க. கோவம் இருந்தா அவருக்கும் சேத்து எதுக்குச் சோறு கட்டிட்டு வர்றேன்? வினோவுக்குப் புளிசாதம்னா உசுரு. வேர்க்கடலைய நல்லா வறுத்துப் போட்டு, கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போட்டு, அவளுக்குச் செய்யற மாதிரியேதான் செய்வேன். மத்தியானம் எல்லாரும் மரத்தடியில உக்காந்ததும் டப்பாவ அவர் கையில கொடுப்பேன். இது வினோவுக்குப் பிடிக்கும்னு சொல்லித்தான் கொடுப்பேன். ஒரு பருக்கை விடாம சாப்பிடுவாரு. ஒரு தடவ சாப்பிட்டுட்டு அந்தப் பக்கம் புதர்ல போயி வாந்தி எடுத்தாரு. வெயில்ல அப்படித்தான் ஆகும். அடுத்த மாசமும் கொடுத்தேன், சாப்பிட்டாரு.

அவரு சம்சாரம் ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்துச்சு. அமலான்னு பேரு. பாவம், எளைச்சுப்போய் கண்ணெல்லாம் உள்ள போயிருச்சு. அக்கா, நீங்க வந்துட்டுப் போற நாளெல்லாம் அவரு தூங்கறதே இல்ல, எந்திரிச்சு எந்திரிச்சுப் பிள்ளைங்க படுத்திருக்கற ரூம்ல போயி நிக்கிறாரு, நீங்க வர்றத நிறுத்திக்கிட்டா புண்ணியமாப் போகும்னு அழுதுச்சு. எனக்குப் புரியவே இல்லம்மா. நான் வந்து நடக்கறதுக்கும் அவரு தூங்கறதுக்கும் என்ன இருக்கு? காபி கொடுத்து அனுப்பி வெச்சேன். எங்க வீட்டுக்காரர் உள்ள உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தாரு. அந்தப் பொண்ணு போனதும், போதும் பாக்கியம், விட்டுருன்னாரு. எதன்னு கேட்டேன். துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாரு. வினோ போனதுலேருந்து அவரு அப்படித்தான். என் மொகத்தப் பாத்து ஒரு வார்த்தை பேசமாட்டாரு. அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே குணம்.

குருவிப்பாறைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். அதையும் தப்பா எடுத்துக்கிட்டாங்க. நம்ம பிள்ளை கடைசியா நின்ன எடத்த ஒரு தடவ பாக்கணும்னு ஒரு தாய்க்கு இருக்காதா? சவரி சார் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லுவாரு. பாதை சரியில்ல, பாறைத்தேனீ கட்டியிருக்கு, வெயில் தாங்காதுன்னு. தண்ணி இருக்கற எடத்துக்கே அவரு இப்ப யாரையும் கூட்டிட்டுப் போறதில்ல, அது தெரியுமா உனக்கு? குளத்துக்கரைன்னா ரோட்டுல நின்னே காட்டிட்டுத் திரும்பிருவாரு. நானும் விடல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எல்லாரும் கேக்கும்படியாச் சொல்லிட்டேன், எனக்கும் வயசாகுது, நான் போறதுக்குள்ள ஒரு தடவ அந்த எடத்தப் பாத்துரணும்னு. அவரு துண்ட எடுத்து மொகத்தத் தொடச்சாரு. அப்புறம், சரிம்மா, அடுத்த நடை அங்கயே போகலாம்னாரு.

அந்த நடைதான் போன தடவ நடந்தது.

தைலமரக் காடு இருக்கே, அதுக்குள்ள ஒரு பட்சி சத்தம் இருக்காது. காலுக்குக் கீழ காஞ்ச எலை மட்டும் நொறுங்கும். ஜெயசீலி டீச்சர்னு ஒருத்தங்க, அதோ அந்தக் கண்ணாடி போட்டவங்க, எனக்கு முன்னாடி நடந்துக்கிட்டிருந்தவங்க பின்தங்கி என் கூட வந்தாங்க. வினோ போன அன்னைக்கு அவங்களும் கூட இருந்தவங்க. பாறை ஏறுற எடத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. ஏத்திவிடத்தான் பிடிக்கிறாங்கன்னு நெனச்சேன். பிடிச்ச கைய விடல.

அக்கா, ஒண்ணு சொல்லணும், சவரி சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு, இன்னைக்குச் சொல்லலேன்னா நான் மனுஷி இல்லன்னு ஆரம்பிச்சாங்க. அன்னைக்கு நடக்கறப்ப வினோ அவங்களோடதான் நடந்தாளாம். கலகலன்னுதான் பேசினாளாம். இன்னைக்குப் பொழுது சாயாமலே இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் டீச்சர்னு சொன்னாளாம். எதுக்குன்னு கேட்டதுக்குச் சிரிச்சாளாம். அப்புறம் மேல ஆளக் காணோம்னு சவரி சார்தான் மொதல்ல சுனைக்கு ஓடியிருக்காரு, டீச்சர் பின்னாடி. அங்க பாறை மேல வினோ செருப்பு ரெண்டும் ஜோடியா வெச்சிருந்துச்சாம். பக்கத்துல துப்பட்டா, நாலா மடிச்சு, காத்துல பறக்காம மேல ஒரு கல்லு. வாட்ச்சும் போனும் அந்த மடிப்புக்குள்ள.

“வழுக்கி விழற பிள்ளை துப்பட்டாவ மடிச்சு வெச்சுட்டா விழும் அக்கா?”

அப்படிக் கேட்டாங்க டீச்சர். சவரி சார் தண்ணிக்குள்ள எறங்கித் தேடிட்டு, முடியாம மேல வந்து, அதையெல்லாம் எடுத்துத் தன்னோட பைக்குள்ள வெச்சுக்கிட்டாராம். பெத்தவங்க இத வெச்சுக்கிட்டுக் காலம் பூரா எப்படி இருப்பாங்க, ஊரு அந்தப் பிள்ளைய என்ன பேசும், நான் கவனிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடறேன் டீச்சர்னாராம். அஞ்சு வருஷமா சுமக்கறாரு, போதும் அக்கா, எறக்கி வெச்சிருங்கன்னு டீச்சர் என்னக் கும்பிடறாங்க. பாறையில பாதி ஏறி நிக்கிறோம். மத்தவங்க மேல போயிட்டாங்க.

நான் என்ன சொன்னேன்னு கேளு. டீச்சர், சுனைன்னா கோயில் மாதிரி, செருப்பக் கழட்டிட்டுத்தான் யாரும் கிட்டப் போவாங்க, இது உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். துப்பட்டா வெயிலுக்குக் கசகசன்னு இருந்திருக்கும், எடுத்து வெச்சிருப்பா. மடிச்சு வெச்சதுக்கு என்னான்னா, அவ அப்படித்தான். எந்தத் துணியையும் சுருட்டிப் போடமாட்டா. சின்னப் பிள்ளையில சுருட்டிப் போட்டா நான் கையிலயே ரெண்டு வெப்பேன். நான் வளத்த வளப்பு அது.

டீச்சர் கும்பிட்ட கைய எறக்கிட்டு மேல ஏற ஆரம்பிச்சாங்க.

மேல போனா, சவரி சார் சுனைக்குக் கொஞ்சம் தள்ளி நிக்கிறாரு. எல்லாரும் அவரச் சுத்தி நிக்கிறாங்க. தண்ணி கறுப்பா இருந்துச்சும்மா. வானம் பளிச்சுன்னு இருக்கு, தண்ணியில வானமே தெரியல. நான் நேரா விளிம்புக்குப் போனேன். போனா, சுத்தி இருக்கற பாறையெல்லாம் சொரசொரன்னு காஞ்சு கெடக்கு. பாசி, ஈரம், ஒண்ணுமில்ல. உள்ளங்காலுல குத்துச்சு. அப்பத்தான் பாக்கறேன், என் செருப்ப நான் எப்பக் கழட்டினேன்னு தெரியல, அதோ பின்னாடி ஜோடியாக் கெடக்கு. டீச்சர் ஓடி வந்து என் இடுப்பச் சுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் என்ன விழவா போறேன்? பாத்தீங்களா, யாரா இருந்தாலும் கழட்டத்தான் செய்வாங்கன்னு அவங்ககிட்டச் சொன்னேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மழை பெஞ்சிருக்கும். பாசி இருந்திருக்கும். கோடையில வந்து பாத்தா என்ன தெரியும்?

அப்படியே திரும்பி எல்லாருக்கும் முன்னாடி கேட்டேன்.

“சார், எம்பொண்ணு எப்படி விழுந்தா?”

அவரு டீச்சரப் பாத்தாரு. டீச்சர் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்க எங்கிட்டச் சொல்லிட்டாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, மொகத்துலயே தெரிஞ்சுது. அப்புறம் என்னப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரும்மா. எங்கம்மா சாகக் கெடந்தப்ப டாக்டரு என்ன இப்படித்தான் பாத்தாரு. டீச்சர் மெதுவா, சொல்லிருங்க சவரின்னாங்க. எனக்கு அந்த நேரத்துல காதெல்லாம் அடைச்சுருச்சு. தண்ணி குடிச்சு நாளாச்சுங்கற மாதிரி நாக்கு ஒட்டிக்கிச்சு. சக்கரை எறங்கியிருக்கும்.

“கால் வழுக்கிருச்சும்மா. நான் பாத்துக்கல. என் தப்புதான்” அப்படின்னாரு.

கேட்டுக்கிட்டீங்களா டீச்சர்னு கேட்டேன். அவங்க அழறாங்க. அவங்க எதுக்கு அழறாங்க? பறிகொடுத்தவ நான். எனக்கு ஒரு சொட்டு வரல. உக்காந்து எல்லாருக்கும் சோறு எடுத்து வெச்சேன். சவரி சாருக்கும் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாரு, ஆனா அன்னைக்கு அவரால சாப்பிட முடியல. டப்பாவ மடியில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு.

அதுலேருந்து ஒரு சின்னத் தொந்தரவு. வீட்டுல துணி மடிக்க முடியல. மடிக்கக் கைய வெச்சா கை நடுங்குது. கொடியிலேருந்து எடுத்து அப்படியே கட்டில்ல குமிச்சு வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் அதுலேருந்தே ஒண்ணொண்ணா உருவிப் போட்டுக்கறாரு, ஏன்னு கேக்கமாட்டேங்கறாரு. சக்கரை அதிகமானா நரம்பு இப்படித்தான் ஆகுமாம். டாக்டருகிட்டக் காட்டணும்.

இன்னைக்கு எங்க போறோம்னு தெரியாது. ஏதோ பழைய பாலமாம், வாய்க்கால்ல தண்ணி இருக்காதாம். அதுவும் சவரி சார் நடத்தற கடைசி நடை. வண்டியில ஏறினதும் சொன்னாரே, நீ கேக்கலையா? ஓசூருக்கு மாத்திட்டாங்களாம். மாத்திட்டாங்கன்னு அவரு சொல்றாரு. அவரு சம்சாரம் அமலா, ஜெயசீலி டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கு, அவராப் போயிக் கேட்டு வாங்கிக்கிட்டாராம். வர்ற வாரம் குடும்பத்தோட கெளம்பறாங்க. இனிமே ஜெயசீலி டீச்சர்தான் நடத்தப் போறாங்களாம். அவங்க கூட நான் வந்து என்ன செய்ய? அவங்க வேற மாதிரிப் பேசுவாங்க.

இது கேட்டதுலேருந்து நானும் யோசிச்சுப் பாத்துட்டேம்மா. வீட்டுல இவரு வாயத் தொறக்கமாட்டாரு. அக்கம்பக்கத்துல யாரும் வினோ பேரையே எடுக்கறதில்ல. சொல்றதுக்குன்னு இருந்தது இந்த ஒரு மனுஷன்தான். அவரும் போயிட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்? கால் வழுக்கிருச்சுன்னு எனக்கு யாரு சொல்லுவா?

ஓசூர்லயும் சுத்திவரப் பாறையும் மலையுமாத்தான் இருக்குமாம். விசாரிச்சேன். அங்க போயும் நடை நடத்தாமலா இருப்பாரு? திருச்சியிலேருந்து நேரா பஸ் இருக்கு, ராத்திரி ஏறினா காலையில எறங்கிரலாம். வீட்டுல இவர்கிட்ட இன்னும் சொல்லல. சவரி சார்கிட்டயும் சொல்லல. பாத்து ஆச்சரியப்படட்டும்.

வண்டி நிக்குது பாரு. நீ எறங்கு, நான் பைய எடுத்துக்கிட்டு வர்றேன். அங்க மரத்தடியில தனியாத்தான் நிக்கிறாரு. கூட்டம் சேர்றதுக்குள்ள ஒரு தடவ கேட்டுட்டு வந்துடறேன். நீயும் வாயேன், கூட நில்லு, உன் காதாலயே கேளு. எத்தனை தடவ கேட்டாலும் அதையேதான் சொல்லுவாரு, ஒரு சொல்லு மாறாது. நல்ல மனுஷன்மா.